நான் வெருட்டிய வெருட்டு

என் எட்டு வயது மகளுக்குச் சின்ன ஏமாற்றமும் தாங்காது. மூச்சு முட்டக் கத்தி அழுவாள். பிள்ளையை அடிக்கிறோம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் யாருக்காவது அறிவித்துவிடுவார்களோ என்று நான் பயப்படுவேன்.

"வாயை மூடு! இல்லாட்டி யூகன்ட்அம்ட்காரர் வந்து உன்னைக் கொண்டு போயிடுவினம்!"

இங்கே ஜெர்மனியில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அலுவலகம் அது. எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் வெருட்டுவோம்.

பள்ளி ஆசிரியை சொல்லி, சிறுவர் மனநல சிகிச்சையாளர் ஒருவரிடம் போனோம். அந்தப் பெண்மணி சிரித்தபடி கதவைத் திறந்தார். மகள் என் கோட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, என்னைக் குடுத்திடாதேங்கோ. இனி அழமாட்டன்."

"என்ன சொல்கிறாள்?" என்று அவர் ஜெர்மனில் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் பிள்ளையை நிஜமாகவே எடுத்துவிடுவார்களோ? பொய் சொன்னால் மகளுக்கு விளங்கிவிடும். அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிட நல்லது. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்கும் பயம். அதை அவளிடம் சொல்லுங்கள்" என்றார்.

நான் நிலத்தில் அமர்ந்தேன். "அம்மா சொன்னது பொய், குஞ்சு. அம்மாவுக்குத்தான் பயம்."

"உங்களுக்குமோ?"

"ஓம்."

அவள் பிடி மெல்லத் தளர்ந்தது.

இப்போதும் கத்துவாள். நான் வெருட்டாமல் பக்கத்தில் இருப்பேன். அவளைக் கொண்டுபோக ஒருவரும் வரவில்லை. அத்தனை நாளும் அவளைப் பயத்தில் வைத்திருந்தது நான் ஒருத்திதான்.