முதலில் ஏணிப் படம் போட்டது

அறையில் இருந்தவர்கள்: பங்காருபாளையத்து ஆபிரகாம், கிரேன் ஓட்டுபவன். திருச்சானூர் வேலு, வெல்டர். எங்கள் போர்மேன் கோலின், வெள்ளைக்காரர். புத்தலப்பட்டுக்காரன் நான், பைப் ஃபிட்டர். குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. கோலின் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, டேப் ரிக்கார்டரைத் தரையில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்தார். பேச்சு இல்லை, கைவேலை இல்லை. எங்கள் ஊரில் பாட்டு ஒரு பக்கம் ஓடும், நாங்கள் ஒரு பக்கம் வேலை பார்ப்போம். பாட்டுக்கென்று சும்மா உட்கார்ந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

டேப்பில் ஓடியது நான்கு பேர் சேர்ந்த ராக் குழு. பெயர் என் வாயில் நுழையாது, ஒவ்வொரு கேசட்டையும் அதன் அட்டைப் படத்தை வைத்துத்தான் சொல்வேன். கேசட் முடிந்ததும் கோலின் கேட்டார், “யூ ஹேவ் எனி ஆல்பம்?” ஆல்பம் என்றால் எங்கள் பக்கம் கல்யாணப் போட்டோதான். “ஒன்லி ஒன்” என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவராட்டம் பாத்துக்கினு கீறாரு” என்றான் ஆபிரகாம்.

கோலின் என் மனைவி செல்வியின் படத்தைக் காட்டி, “வேர்?” என்றார்.

“புத்தலப்பட்டு.”

“ஷி ஹேர்ட் திஸ்?”

டேப் ரிக்கார்டரைக் காட்டித்தான் கேட்டார். கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன் நான். போனில் மூன்று நிமிடம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. இப்படியே போனால் அவள் யாரோ நான் யாரோ ஆகிவிடுவோம் என்று பயம். கோலினிடம் மூன்று கேசட் காப்பி போட்டு வாங்கி, லீவில் போன வேலுவிடம் கொடுத்தனுப்பினேன். அட்டைப் படங்களை அவரே பேனாவால் வரைந்து கொடுத்தார்.

அடுத்த போனில் செல்வி, “இன்னா மாமா இது, பாடவே மாட்டேன்றான்?”

“பாடுவான். ஒம்போது நிமிசம் ஆவும்.”

“அதுக்குள்ள சோறே வெந்துடும்.”

“அடுப்ப அணைச்சுட்டு கேளு.”

“அணைச்சுட்டா இன்னாத்த துன்றது?”

அங்கே எஸ்.டி.டி. பூத்துக்காரர் சிரித்தது எனக்கே கேட்டது.

தப்பு என்னுடையது. எடுத்த எடுப்பில் அட்டையில் உப்பளப் படம் போட்டதைக் கேட்கச் சொல்லிவிட்டேன். புதிதாகக் கேட்பவர்கள் முதலில் ஏணிப் படம் போட்டதைக் கேளுங்கள். பாட்டுகள் சின்னவை. கிட்டார் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். அடுத்து கதவுப் படம். அதில் வரும் ஆர்கன் சித்தூரில் அவன் போகும் சர்ச்சில் வாசிப்பதைப் போலவே இருக்கிறது என்பான் ஆபிரகாம். உப்பளம் கடைசியில்தான். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. டிரம் அடிப்பவர் நாலாக எண்ண மாட்டார், ஏழாக எண்ணுவார். பாதியில் எல்லாம் அடங்கிவிடும். கேசட் அறுந்துவிட்டதோ என்று எழுந்திருக்காதீர்கள். ஒற்றைக் கிட்டார் தூரத்திலிருந்து நடந்து வரும். அவசரமே தெரியாத ஆட்கள். அந்தப் பொறுமையை நான் எந்த வேலையிலும் பார்த்ததில்லை.

செல்வியையும் ஏணியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவளே சொன்னாள்.

“ஏழு ஏழா எண்ணிக்கினே வந்தேன் மாமா. ஜாத்திரையில பம்பைக்காரன் அடிக்கறாப்புலயே கீது. நடுவுல ஒரு எடத்துல தப்பிட்டான்.”

“தப்பல. அங்க எட்டு.”

“எட்டா? இரு, திருப்பிக் கேக்கறேன்.”

அன்று சாப்பிட்டாயா என்று இருவருமே கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை, இங்கே மணி பதினொன்று, அங்கே ஒன்றரை. நான் இங்கே உப்பளத்தைப் போட்டுப் பட்டனை அமுக்குவேன். அவள் அங்கே அடுப்பை அணைத்துவிட்டு அமுக்குவாள். அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், குவைத்தா புத்தலப்பட்டா, எனக்குச் சொல்ல வராது. பாட்டு ஓடும் இருபத்து மூன்று நிமிடம்.