நடுச்சந்தியில் என் சிஞ்ஞோரே

இத்தாலியில், பலெர்மோவில் வயோதிபரைப் பராமரிக்க வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

லிபெர்த்தா வீதியில் நான் பராமரித்த ஐயாவை இத்தாலிய முறைப்படி சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன். போக்குவரத்துப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய். பகலெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். சிரிக்கட்டும் என்று அவருடைய மகள் பழைய இங்கிலாந்துப் படமொன்றைத் தேடிப்பிடித்து டிவியில் போட்டுக் கொடுத்தாள். பேச்சில்லாத சிரிப்புப் படம். உயரத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் கள்ளனைத் துரத்தப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுவார். சந்தியில் நின்று கைகாட்டினால் குதிரை வண்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும்.

சிஞ்ஞோரே சிரிக்கவில்லை. "இவனை ஆர் வேலைக்கு எடுத்தது?" என்று கத்தினார்.

கொஞ்ச நேரத்தில், முதுகு வலியோடு நான் பின்பக்கப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தில் வேலை செய்யும் சுகந்தி அக்கா போன் எடுத்தா.

"எடியே, உன்ரை கிழவன் நடுச்சந்தியிலை நிண்டு கை காட்டுது. கெதியா ஓடி வா!"

ஏப்ரன் கட்டியபடியே ஓடினேன். பெனியனும் வீட்டுச் செருப்புமாக நின்றார். ஸ்கூட்டர் பெடியங்கள் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தார்கள். ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது.

"சிஞ்ஞோரே, வீட்டை வாங்கோ" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"தள்ளி நில். அங்கை ஒருத்தன் எல்லாத்தையும் குழப்பிப்போட்டான். நான் விட்டிட்டு வரேலாது."

படத்தில் வந்தவரைத்தான் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. இழுத்தால் விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு போகும், என் வேலையும் போகும். நிமிர்ந்து நின்றேன்.

"உங்கடை ஷிஃப்ட் முடிஞ்சுது. மாத்தாள் வந்திட்டுது."

"ஆர்?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்காரரிலை கவனம். நிக்கமாட்டாங்கள்" என்றார்.

வேறு வழியில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினேன். பஸ் நின்றது. பெடியங்களின் சிரிப்பும் நின்றது. அவர் அவசரப்படாமல் நடந்து வீதிக் கரைக்குப் போனார். சுகந்தி அக்கா பிடித்துக்கொண்டா. பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் போடவில்லை. மறதிக்காரரிடம் "உங்களுக்கு இப்ப வேலை இல்லை" என்று சொல்லாதீர்கள். நம்பமாட்டார்கள், மனமும் உடையும். ஷிஃப்ட் முடிந்தது என்று சொல்லுங்கள். மறுபேச்சில்லாமல் கூட வருவார்கள்.