முன்வாசல் வழியாக வந்த பிள்ளைகள்

போன மாதம் என் மகள் என்னை ஒரு பங்களா பார்க்கக் கூட்டிப்போனாள். சுங்கை லாலாங் பக்கம், கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த தோட்டத்தின் துரை பங்களாதான். இப்போது பழுதுபார்த்து, பாரம்பரியக் கட்டடம் என்று பலகை வைத்து, டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறார்கள். நான் முன்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "அம்மா, போட்டுக்கிட்டே வரலாம் லா!" என்று மகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மாட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே பலகைத் தரையில் மெழுகு வாசனை. சுற்றிக் காட்டும் பெண் நம் தமிழ்ப் பெண்தான். "இந்த முன்வாசல்ல துரைங்களும் அவங்க விருந்தாளிங்களும் மட்டும்தான் வருவாங்க. வேலக்காரங்க யாரும் வந்ததே இல்ல" என்றாள்.

"நாங்க வந்திருக்கோம்மா" என்றேன். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாசனை எப்போதும் முத்தையா அண்ணன் மேல் வீசும். பங்களாச் சமையல்காரர். தரைக்கு மெழுகு போடுவதும் அவர்தான். முழங்கால் இரண்டும் காய்த்துக் கறுத்திருக்கும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, துரையைவிட மிடுக்காக நடப்பார் என்று நாங்கள் கேலி பேசுவோம். நான் கீழே ஆற்றோரத்தில் இருந்த ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார்கள் விடியற்காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பாலம் தாண்டி அக்கரைக் காட்டுக்கு, ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவார்கள். பெரிய ஆயா ஒருவரும் உண்டு. நான் சொல்லும் நாளில் அவருக்குக் காய்ச்சல்.

எங்கள் பக்கம் அன்று ஒரு சொட்டு மழை இல்லை. ஜெராய் மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. துணி அலசப் போனவள் பார்க்கிறேன், ஆறு சிவப்பாகப் படியேறி வருகிறது. பலகைப் பாலம் அதற்குள் போய்விட்டது. திரும்பி ஓடினால், கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர். தொட்டிலில் கிடந்த இரண்டை மேசைமேல் ஏற்றிவைத்தேன். இரண்டை இடுப்பில் தூக்கினேன். நடக்கத் தெரிந்ததெல்லாம் என் சாரோங்கைப் பிடித்துக்கொண்டன. மேட்டில் இருந்தது பங்களா ஒன்றுதான்.

முத்தையா அண்ணன் முன்கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தெரிய நின்றார்.

"தங்கச்சி, வேணாம். தொர அலோர்ஸ்டார் போயிருக்காரு. வந்து பாத்தா என் வேல போயிரும். கார் கொட்டாய்ல ஒக்கார வையி."

"கொட்டாய் தாழ்வா இருக்குண்ணே!"

"தெரியுது. நான் என்ன செய்ய?"

வாதாட எனக்கு நேரமில்லை. இடுப்பில் இருந்த இரண்டையும் அவர் கையில் திணித்தேன். "புடிங்க. கீழ இன்னும் ரெண்டு இருக்கு." திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

கொட்டகையில் தண்ணீர் என் இடுப்புவரை வந்துவிட்டது. மேசை மிதக்கத் தொடங்கி, சுவரோரம் இடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அழக்கூட இல்லை, என்னையே பார்த்தன. அவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. மேட்டில் பாதி ஏறும்போது பின்னால் படபடவென்று சத்தம். கொட்டகை சாய்ந்து ஆற்றோடு போயிற்று.

பங்களாவின் முன்கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது.

அக்கரையில் பெண்கள் கொட்டகை போனதைப் பார்த்துவிட்டார்கள். வாளியும் கத்தியும் எறிந்துவிட்டு ஓடிவந்து, கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஆற்றில் இறங்கப் பார்க்க, மற்றவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அத்தனை இரைச்சல்.

"மாடிக்கு ஏறு!" என்றார் அண்ணன். துரை கட்டிலின் வெள்ளை விரிப்பை உருவி மாடிக் கைப்பிடியில் கட்டி ஆட்டினார். அவர்கள் நிமிர்ந்து பார்த்ததும், பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினோம். ஒரு பிள்ளையைத் தூக்கினால் அக்கரையில் ஒருத்தி அப்படியே சேற்றில் உட்காருவாள். அடுத்ததைத் தூக்கினால் அடுத்தவள். கடைசியில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ராஜம் அக்கா. அவள் மகள் குமாரி எங்கள் கையில் இல்லை.

என் சாரோங்கைப் பிடித்து வந்தவள்தானே? வழியில் விட்டாளா? அறை அறையாக ஓடினோம். சாப்பாட்டு மேசைக்கு அடியில், மெழுகுத் தரையில் கன்னத்தை வைத்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளை வாரிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அக்கரையில் ராஜம் அக்கா உட்காரவில்லை. கைகூப்பியபடி நின்றாள்.

மறுநாள் தண்ணீர் வடிந்தபின் துரை வந்தார். தரையெங்கும் சின்னச் சின்னச் சேற்றுக் கால்தடங்கள். மாதக் கடைசியில், பங்களாவுக்கு இனி சமையல்காரர் தேவையில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அண்ணன் ஜித்ராவில் சொந்தக்காரர் கடைக்குப் புறப்பட்டார். அன்று காலை அந்தப் பெண்கள் யாரும் மரம் வெட்டப் போகவில்லை. செம்மண் சாலைவரை அவரோடு நடந்துபோய்ப் பஸ் ஏற்றிவிட்டார்கள். ராஜம் அக்கா ஏதோ சொல்ல வந்து அழுதபோது, "அட விடும்மா, எனக்கு முட்டி வலி. எத்தன நாளைக்குத்தான் தேய்க்கிறது" என்றார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு அதுவும் போய் வீடமைப்பு வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு ஊருக்குப் போயிற்று. அந்தக் காலத்தில், கண்ணை மூடிக்கொண்டு அழுகையை வைத்தே எது யார் பிள்ளை என்று சொல்வேன். இப்போது அவர்களுக்கெல்லாம் ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சுங்கைப் பட்டாணிச் சந்தையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வாங்கினாலும், அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் தெரியாது.