விஜயகலா திறக்காத பெரிய புத்தகம்

என் பெண்சாதி விஜயகலா தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் றப்பர் பால் வெட்டுகிறவள். சமஸ்கிருதமும் படித்தவள். இதைச் சொன்னால் என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் படித்த சிங்களப் பள்ளிக்கூடத்தில் அது ஒரு பாடம். அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. மழை நாளில் வெட்டு கிடையாது. அன்றைக்கெல்லாம் விகாரைக்குப் போய்விடுவாள். அங்கே இளம் பிக்கு ஒருவர், எல்லாருக்கும் சின்ன ஹாமுதுரு, அவளைவிட ஆறு வயது இளையவர், பழைய இலக்கண நூலொன்றைப் பாடம் சொன்னார். அதற்கும் மூத்த ஆதி நூல் ஒன்று உண்டாம். நாலாயிரம் விதி, ஒவ்வொன்றும் முந்திய விதியிடம் சொல் வாங்கிக்கொண்டுதான் நிற்குமாம். படிக்கிறவர்கள் திணறிப்போகவே, பிற்காலத்துப் பண்டிதர் ஒருவர் அதே விதிகளைக் கலைத்து, சந்தி தனி, பெயர் தனி, வினை தனி என்று அடுக்கி விளக்கமும் எழுதிவைத்தார். இவள் கரைத்துக் குடித்தது அந்தப் பிந்திய நூலைத்தான்.

ஆதி நூலையும் ஹாமுதுரு கையில் கொடுத்திருந்தார். முதலில் சின்னதை முடியுங்கள் என்றாராம். முடித்தாள். நாலு தரம் முடித்தாள். பெரிய புத்தகம் சாமி மாடத்துக்குக் கீழே சுற்றிய துணியோடு நாலு வருடம் கிடந்தது. ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், அவர் இன்னும் சொல்லவில்லையே என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத்தில் பழகிய பழக்கம் அது. கங்காணி காட்டாத மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. ஒருமுறை இவளுடைய அம்மா தன் பங்கு முடிந்ததென்று அடுத்த வரிசையில் கை வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினார்.

போன மாதம் பிரிவேனா ஒன்றில், அதுதான் பிக்குகள் படிக்கிற பள்ளிக்கூடம், சமஸ்கிருத ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். வயது முப்பத்தைந்து தாண்டக் கூடாது. இவளுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. வெட்டுக் கத்தியைக் கீழே வைக்க வேறு வழியே தெரியவில்லை.

காலை எட்டு மணிக்கே கொண்டுபோய் இறக்கினேன். பதினொன்றுக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை அவள் உட்காரவே இல்லை. முற்றத்தை நடந்து நடந்து தேய்த்தாள். நான் துடைத்த ஆட்டோக் கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

உள்ளே நடந்ததை அவள்தான் சொன்னாள். பிந்திய நூலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். தேர்வு வைத்த பெரியவர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், இந்த விதிக்கு ஆதி நூலில் முன்னால் நிற்பது எது என்று கேட்டார். தெரியவில்லை. அந்தப் புத்தகம் கிடைக்கவில்லையா என்றார். வீட்டில் இருக்கிறது என்று இவள் உண்மையைச் சொன்னாள். மூலத்தைத் திறந்தே பார்க்காதவரிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று சொல்லி, விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டார்கள்.

வெளியே சின்ன ஹாமுதுரு வந்து நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. இருவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"நாலு வருஷமா நீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன், ஹாமுதுருவே."

"அந்த விதிகளை எல்லாம் கலைச்சு அடுக்கினாரே, அவர் யார்கிட்ட கேட்டுட்டு அடுக்கினாரு?"

எனக்கு அவர்மேலும் கோபம், இவள்மேலும் கோபம். மனுசர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வாழ்க்கையைக் கெடுத்தார்களே என்று திட்டிக்கொண்டே ஆட்டோவைக் கிளப்பினேன்.

பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் இருந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்கே அந்தப் புத்தகத்தப் படிக்க ஆரம்பிக்கட்டுமாங்க?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அந்த மழை நாளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பத்து வருடமாக ஒவ்வொரு மழை நாளும் விகாரைக்குப் போகட்டுமா என்று அவள் என்னிடம்தான் கேட்டாள். "சரி, போ" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.