காணிப்பாக்கத்தில் எதிர்த்தரப்பாக நின்ற நாள்

திருப்பதி போகிறவர்கள் அப்படியே காணிப்பாக்கத்தையும் பார்த்துவிட்டு வரலாமா, தனியாகப் போகும் பெண்ணுக்குச் சரிப்படுமா என்று பின்னூட்டத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நான் போய் ஆறேழு வருஷம் ஆகிறது, ஒரு ஆனி மாதத்து வியாழக்கிழமை. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றால், அந்தப் பயணத்தில் இன்னொருவர் விஷயம் கலந்திருந்தது. எழுதிக்கொள்ளலாம் என்று போன மாதம்தான் அவர் சொன்னார்.

அப்போது நான் ஒரு இணைய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே தனியாக இருக்கும் பெற்றோருக்குக் கோயில் பயணம் வாங்கித் தருவார்கள். கார் ஒருவருடையது, அறை இன்னொருவருடையது, சக்கர நாற்காலி தள்ள ஒரு ஆள், பத்தியச் சாப்பாடு கொண்டுவர ஒரு வீடு. இவர்களில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. இந்தத் துண்டு வேலைகளை இணையத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே விலை போட்டு விற்பதுதான் எங்கள் வியாபாரம். ஒட்டிய இடம் பிரிந்தால் வரும் புகார்கள் என் மேசைக்கு வரும். மேசை என்றால் அம்பத்தூர் வாடகை வீட்டில் ஜன்னலோரம் போட்டிருந்த மேசைதான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் மடிக்கணினியும் மட்டும். சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போதுதான் அன்றைக்கு முதல்முதலாக வாயைத் திறக்கிறேன் என்று தெரியும்.

ஒட்டு பிரியாமல் இருக்க ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பெரியவரை ஒப்படைக்கும்போது ஒரு படம் எடுக்க வேண்டும். படம் அந்த நொடியே மகனுக்கோ மகளுக்கோ போய்விடும். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு நிம்மதி. எங்கள் விளம்பரமே அதை வைத்துத்தான் ஓடியது.

நகரியில் தனியாக இருந்த ஒரு அம்மாவுக்கு அமெரிக்காவிலிருந்து மகன் இப்படி ஒரு பயணம் வாங்கியிருந்தார். திருப்பதி தரிசனம் முடிந்து, மறுநாள் காலை காணிப்பாக்கம். பதினொரு மணிக்குக் கோயில் வாசலில் சக்கர நாற்காலியோடு ஆள் காத்திருந்தார். கார் வரவில்லை, ஓட்டுநரின் போன் அணைந்திருந்தது. ஐந்தாறு மணி நேரம் அந்த மகன் அங்கே தூக்கமில்லாமல் துடித்திருக்கிறார். அம்மா வீடு வந்து சேர்ந்ததும், ஓட்டுநர் தன்னைப் பாகாலா ஸ்டேஷனில் இறக்கிவிட்டார் என்று மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறார். 'பயணியை வழியில் விட்டவர்' என்று பதிவாகி, எங்கள் தளத்தில் ஓட்டுநர் முனிரத்தினத்தின் கணக்கு முடக்கப்பட்டது.

விளக்கம் கேட்டோம், எழுத்தில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எங்கள் ஹைதராபாத் அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண் மூன்று தடவை ஒரே குறிப்பைப் போட்டிருந்தாள்: ஓட்டுநர் காணிப்பாக்கம் கோயிலுக்கு வரச் சொல்கிறார். சாமி கும்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் விட்டுவிட்டாள் போல. எனக்கு அது உறுத்தியது. நேரில் போகட்டுமா என்று மேலாளரைக் கேட்டேன். அதற்கெல்லாம் வழியில்லை என்றார். விடுப்புப் போட்டுவிட்டு என் செலவில் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், ஒரு மனுஷர் மூன்று தடவை வா என்று கூப்பிடுகிறாரே என்பதும் ஒரு காரணம். என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இனி வழி. சென்ட்ரலில் காலை ஆறு இருபத்தைந்து வண்டி, பத்து மணிக்குள் திருப்பதி. ஜன்னல் சீட்டு கிடைத்தால் புத்தூர் தாண்டி மலை தெரியத் தொடங்குவதைப் பார்க்கலாம். எதிர் சீட்டில் ஒரு குடும்பம் பொட்டலம் பிரித்துப் புளிசாதம் சாப்பிட்டது. ஏறியாச்சு, அரக்கோணம் வந்தாச்சு, ரேணிகுண்டா வந்தாச்சு என்று ஊருக்குப் போன் மேல் போன். நானும் போனை எடுத்தேன். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மணி பார்த்துவிட்டு வைத்தேன். திருப்பதியில் இறங்கி, பஸ் நிலையத்தில் சித்தூர் போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். பாகாலா நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், அன்றைக்கு நாற்பத்தைந்து ரூபாய். நடத்துநர் தெலுங்கில் கேட்பார், தமிழில் சொன்னாலும் சீட்டுக் கிழித்துவிடுவார்.

முனிரத்தினம் வழக்கமாக வண்டி போடும் பாகாலா ஸ்டேஷன் வாசலில் வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எல்லையோரத் தமிழ்க் கிராமம். நைனா என்று அவர் சொல்லும் அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டியவர். குவைத்தில் ஏழு வருஷம் ஒரு வீட்டுக்குக் காரோட்டி, ஊர் திரும்பி வாங்கிய வண்டி இது. முன்பெல்லாம் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் நேராக வாசலில் நிற்கும் ஓட்டுநர்களிடம் வரும். இணையம் வந்த பிறகு எல்லாரும் வீட்டிலேயே பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். கணக்கு முடங்கியதிலிருந்து வாரத்துக்கு ஒரு சவாரி கிடைத்தால் பெரிசு என்றார். மகள் சித்தூரில் நர்சிங் படிக்கிறாளாம்.

என்ன நடந்தது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"எழுதறதுக்கு இன்னா இருக்குது மேடம்? பிரமாணம் பண்றேன், வாங்கன்னு மூணு வாட்டி சொல்லி அனுப்சேன். யாருமே வரல. கூப்ட்டும் வராதவங்க தோத்தாங்கன்னுதான் எங்க பக்கம் கணக்கு. அப்பறம் ஏன் என் அக்கவுண்ட்ட தொறக்கல?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தில் வரப்புத் தகராறோ திருட்டுப் பழியோ, காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தால் தீர்ந்தது. பொய் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வராது. பழி சுமந்தவர் கூப்பிட்டால் பழி சொன்னவர் வந்தாக வேண்டும். இவர் கூப்பிட்டார், நாங்கள் போகவில்லை, ஆகவே ஜெயித்தது தான்தான் என்று நினைத்து தினமும் வண்டியைக் கழுவிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நாங்களோ பதில் தராததால் குற்றம் உறுதி என்று முடித்துவிட்டோம்.

பாகாலாவிலிருந்து அவர் வண்டியிலேயே காணிப்பாக்கம் போனோம். பின் சீட்டில் உட்காரப் போனவளை முன்னால் உட்காரச் சொன்னார். வழி நெடுக மாந்தோப்பு. பேச்சு அதிகமில்லை. எனக்கு என்னவோ அழுகை வருகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே அவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டதா என்று என் மேலேயே கோபமும் வந்தது.

கோயிலில் வியாழக்கிழமை மதியம் கூட்டம் குறைவு. அவர் குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வந்தார். எதிரில் ஆள் நிற்க வேண்டுமே, யார் நிற்பது? மகன் அமெரிக்காவில். சக்கர நாற்காலிக்காரருக்கு இவரைத் தெரியாது. நிறுவனத்துக்கு முகமே கிடையாது. இத்தனை பேரை ஒட்டி விற்றோமே, பழியை ஏற்று நிற்க ஒரு ஆள் இல்லை.

"நீங்க நில்லுங்க மேடம். யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்" என்றார்.

நின்றேன். அவர் கையை நீட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இந்த சாமி மேல ஆணை. அந்தம்மாவ நான் எங்கியும் உட்டுட்டுப் போவல. அவங்க மனசுக்கு விரோதமா ஒண்ணும் பண்ணல. மீதிய அவங்கதான் சொல்லணும்."

எதிரில் நிற்பவர் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்வது முறை. சொன்னேன். அடுத்து என் வேலையில் செய்யக் கூடாத ஒன்றையும் செய்தேன். பணம் கட்டியவர்தான் எங்களுக்கு வாடிக்கையாளர், பயணம் போனவர் இல்லை. அவரிடம் நாங்கள் பேசக் கூடாது. பிரகாரத்து ஓரமாகப் போய் அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். முனிரத்தினம் சத்தியம் செய்ததைச் சொன்னதும் மறுமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"அவரு மேல தப்பில்லம்மா. நான்தான் எறங்கினேன். எங்க போனாலும் ஒருத்தன் படம் புடிக்கிறான், இன்னொருத்தன் கையில குடுக்கறான். கொரியர்ல போற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாம குந்திக்கினு இருக்கலாம்னு பாத்தேன். பிளாட்பாரத்துல ரெண்டு இட்லி துன்னு, வர்ற போற வண்டிய பாத்துக்கினு இருந்தேன். அவரு போன அணைச்சிட்டு நாலு மணி நேரமும் வெளியவே உக்காந்துக்கினு இருந்தாரு. பொறவு பத்திரமா ஊட்ல கொண்டாந்து உட்டாரு. எம்புள்ள கிட்ட சொல்லிடாதீங்க. அவ்ளோ தூரத்துல இருந்துக்கினு பாத்துப் பாத்து பண்றான். வேணாம்னு சொன்னா மனசு ஒடிஞ்சிடுவான்."

கணக்கைத் திறக்க ஒரே வழிதான் உண்டு. காரணத்தை எழுதி, வாடிக்கையாளரின் சம்மதத்துக்கு அனுப்ப வேண்டும். அதாவது மகனுக்கு. முனிரத்தினத்திடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். தலை துவட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மகளை நினைத்தாரோ என்னவோ, முகம் வாடிவிட்டது.

"எழுதாதீங்க" என்றார் கடைசியில். "அந்தம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேன். உங்க கம்பெனில ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிச்சே, போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வேண்டாம் என்றாலும் கேட்காமல் சித்தூர் பஸ் நிலையம் வரை, பன்னிரண்டு கிலோமீட்டர், கொண்டுவந்து விட்டார். சென்னைக்கு நாலு மணி நேரம். பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. அவ்வளவு தனியாக நான் எந்தப் பஸ்ஸிலும் வந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வேலையை விட்டேன். விடுவதற்கு முன் அந்த அம்மாவிடம் முனிரத்தினத்தின் எண்ணைக் கொடுத்தேன். அதுவும் விதிக்கு விரோதம்தான். அவர்கள் இரண்டு பேரும் பிறகு எங்கெங்கே போனார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் மகன் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மகன் எந்தக் கடை இட்லி என்று கேட்டாராம். இனிமேல் எழுதிக்கொள், என் பேரை மட்டும் போடாதே என்று அந்த அம்மா எனக்குச் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. விநாயக சதுர்த்தியை ஒட்டி மூன்று வாரம் காணிப்பாக்கத்தில் நிற்க இடம் இருக்காது, தவிர்த்துவிடுங்கள். சித்தூரிலிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நாள் முழுக்க உண்டு. தனியாகப் போகும் பெண்கள் இருட்டுவதற்குள் சித்தூர் திரும்புவது நல்லது. குளத்தில் முங்குவதானால் மாற்றுத் துணி கையோடு இருக்கட்டும். பெற்றோரை அனுப்புகிறவர்கள், நடுவில் ஒரு அரை நாளை யாருக்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள்.

பாகாலாவில் கார் தேவைப்பட்டு இணையத்தில் தேடினால் முனிரத்தினம் அகப்பட மாட்டார். அந்த நிறுவனத்தின் கணினியில் அவர் பேருக்கு நேரே நாங்கள் போட்ட 'பயணியை வழியில் விட்டவர்' என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்கும் அதிகாரம் அன்றைக்கும் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: அவர் அந்த அம்மாவை விட்டுவிட்டுப் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் நாலு மணி நேரம் காத்திருந்தார்.