பெயரோடு ஓர் எழுத்து

திருச்செங்கோட்டில் லாரிக்காரர்களுக்கும் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளிகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. சபரிநாதன் அங்கே ஒரு வாயில்லாப் பூச்சி. யாரிடமும் போய் "நேத்து என்ன பண்ணுனீங்க" என்று கேட்கக் கூச்சம். கேட்காமல் இருந்தாலோ ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு முட்டிக்கொள்ளும். அந்தக் கூச்சத்துக்காகவே ஒரு கருவி எழுதி வைத்திருந்தான்.

கறுப்புத் திரையில் 'ஏனுங்க' என்று தட்டினால் போதும். கம்பெனியின் புரோகிராம்களைச் சேர்த்துவைக்கும் எல்லா ரெப்போவையும் துழாவி, யார் அண்மையில் என்ன எழுதிச் சேர்த்தார்கள் என்று பெயர்வாரியாகச் சொல்லிவிடும். எழுதியதைக் கமிட் போட்டுச் சேர்க்கும்போதே எழுதியவர் பெயரும் அதில் ஒட்டிக்கொள்வதால் இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளியாள் பெயர்கள் வந்து குழப்பக்கூடாதென்று ஆபீஸ்காரர்களின் பெயர்களை மட்டும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

'ஏனுங்க' என்று பெயர் வைத்தது எதிர் மேஜை மஞ்சுளா. எடப்பாடிக்காரி. "நீங்கதான் வாயத் தொறக்கறதில்ல, மிசினாவது மரியாதையாக் கேக்கட்டுங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் கடைசி. புருஷன் காளிதாஸோடு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று பிறகு காதில் விழுந்தது. விசாரிக்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஒரு பெரிய பார்ட்டி கைவிட்டுப் போனதும், யாராவது ஒருவரைக் குறைத்தாக வேண்டும் என்றார் முதலாளி வெங்கடாசலம். சபரியின் திரை முன்னால் வந்து நின்று தட்டச் சொன்னார். எல்லோர் பெயருக்குக் கீழும் வரிவரியாக வந்தது. 'மஞ்சுளா கா.' என்பதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"ஏன் சபரி, இந்தப் புள்ள தெனமும் வந்து என்னதான் பண்ணுது?"

சபரி அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். "ஊட்டுல பிரச்சனைங்க சார். கொஞ்சம் பொறுத்துக்கலாமுங்க."

பேசாதவன் பேசின ஒரே பேச்சு அவளுக்கு வினையாகிவிட்டது. வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சியே சொல்லியாயிற்றே! அந்த வாரமே மஞ்சுளா மேஜையைக் காலி செய்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

பின்னொரு நாள், சாஃப்ட்வேரில் லாரி லோடு பதியும் பக்கத்தில் ஒரு தப்பைத் தேடியபோது, அதை எழுதியது யாரென்று பார்த்தான். 'மஞ்சுளா மா.' என்றிருந்தது. அவள் அப்பா மாரியப்பனின் மா. புருஷன் இனிஷியலை எடுத்துவிட்டு அப்பா இனிஷியலுக்கே திரும்பியிருக்கிறாள். அந்தப் பெயரில் தேடினால் பக்கம் பக்கமாக ஓடியது. அந்தத் துக்கத்திலும் ஆபீஸிலேயே அதிகம் எழுதியவள் அவள்தான். கருவிக்குத் தெரிந்தது கா. மட்டும், மா. அதற்கு யாரோ வெளியாள். கல்யாணமானால் பெண்ணுக்கு இனிஷியல் மாறும் என்று தெரிந்தவனுக்கு, அது திரும்பவும் மாறலாம் என்று தோன்றவே இல்லை.

வெங்கடாசலத்திடம் ஓடினான். அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"இப்பச் சொல்லி என்ன பண்றது? அந்த வேலைய வெளிய குடுத்தாச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அந்தப் புள்ளயக் கூப்புடறது?"

சபரி மஞ்சுளாவுக்குப் போன் செய்து இனிஷியல் குழப்பத்தைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மொதலாளி ஊட்டுப் பிரச்சனைன்னு சொல்லித்தானுங்க என்ன அனுப்புனாரு," என்றாள். "புருசன உட்டுட்டு வந்தவ இங்க வேண்டாம்னு நெனச்சுட்டாங்கன்னு இருந்துட்டேன். அதுக்கு என்னன்னு பதில் பேசறது? ஆமா, எங்கூட்டு வெசயத்த அவருகிட்ட யாருங்க சொன்னது?"

கருவியைத் திருத்திவிடுவதாகச் சொன்னான் சபரி. அவள் "சரி, வெச்சர்றேனுங்க" என்றாள்.

அன்றே கருவியைத் திருத்தினான். இரண்டு இனிஷியலும் ஒரே ஆள்தான் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தான். மாதம் ஒன்று போனபின் ஒரு காலையில் வழக்கம்போல 'ஏனுங்க' என்று தட்டினான். இரண்டு பெயரையும் சேர்த்தே தேடிவிட்டு, மஞ்சுளா அண்மையில் எதுவும் எழுதவில்லை என்றது கருவி. இந்தத் தடவை அது சொன்னது சரி.