ஓடுது சரி, ஒழுகுதா?

காய்ச்சல் லீவு முடிந்து ஆரோக்கியம் அண்ணன் இன்று ஏறுவார் என்று கம்பெனி பஸ்ஸில் அவருடைய ஜன்னல் சீட்டை விட்டுவைத்திருந்தோம். பிள்ளைப்பாக்கத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் படியில் ஏறி நின்று டிரைவரிடம் சொன்னார்: “அவரு இனிமே வர மாட்டாருப்பா. ஆஸ்பத்திரிலயே போயிட்டாரு.” ஒரகடம் வரை அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

பிரஸ் ஷாப்பில், எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் மெஷின்களின் மெயின்டனன்ஸில் அவரோடு வேலை பார்த்தவன் நான். மெஷினைச் சரிசெய்ததும், “ஓடுதுண்ணே” என்று கிளம்பப் பார்ப்பேன். “ஓடுது சரி, ஒழுகுதா?” என்று எண்ணெய்க் குழாய்களுக்கு அடியில் டார்ச்சோடு குனிவார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருடைய கால்கள் தளர்ந்தபோது எல்லோரும் டிஸ்க் என்றார்கள். பெல்ட், மாத்திரை, எண்ணெய் என்று மாதங்கள் வீணாயின. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார்: தண்டுவட உறையில் ஒரு தமனி நேராகச் சிரைக்குள் திறந்துகொண்டிருந்தது, அந்த அழுத்தத்தில் தண்டுவடம் வீங்கியிருந்தது. அதை எங்கள் மெஷின் பாஷையில் விளக்கினேன்: எண்ணெய் திரும்பி வரும் குழாயில் பம்ப்பின் அழுத்தம் நேராக ஏறுவது மாதிரி.

“ரிட்டர்ன் லைன்ல பம்ப் பிரஷரா? அப்பறம் காலு எப்டிடா நிக்கும்?” என்றார்.

முதுகைத் திறக்கவில்லை. தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த இணைப்பைப் பசை விட்டு அடைத்தார்கள். வார்டில் படுத்தபடி, “பேருலதான்டா ஆரோக்கியம் கீது” என்று சிரித்தார்.

வாக்கரை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய நாளில் லைனே கை தட்டியது. “நடக்குறீங்களாண்ணே?” பார்க்கும்போதெல்லாம் எல்லோரும் இதையே கேட்டோம். “நடக்கிறேன்பா” என்று அவரும் அதையே சொன்னார்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் மனைவி மேரி அக்கா சொன்னார்: “காலு வந்துச்சு தம்பி. ஒண்ணுக்குப் போறது மட்டும் சரியாவே இல்ல. அப்பப்ப அவரே டியூப் போட்டு எடுக்கச் சொன்னாரு டாக்டரு. கம்பெனில நாலு பேரு நிக்கிற பாத்ரூம்ல எப்டின்னு, இவரு தண்ணியே குடிக்காம அடக்கிக்கினு இருந்தாரு.”

அப்படித் தேங்கிய சிறுநீரில் வந்த தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்திருக்கிறது. பசை வைத்த அடைப்பு கடைசிவரை நன்றாகத்தான் இருந்ததாம். சிகிச்சை தாமதமானதால் எல்லா நரம்பும் மீளாது என்று டிஸ்சார்ஜ் அன்றே டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கம்பெனி இதழின் இரங்கல் பக்கத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். வெளியே பேசாமல் மறைத்துத்தான் அவரைப் புதைத்தோம். பிரஸ் ஷாப் பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு தனிக் கழிப்பறை நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, ஓடுகிறது என்ற பிறகும் அவர் கேட்ட அந்த இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு மெஷினிடமும் அவர் அதைக் கேட்டார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.